ஹோமப் புகையும் ஒன்றரை அடிக் கதவும்

“கோல்டு ரூம் கதவ ஒழுங்கா சாத்தத் தெரியாத பொண்ணு. இது எங்க வூட்டுக்கு ஏசி போடுதா?”

சாந்தம்மா இதை என்னிடம் கேட்கவில்லை. என் முதலாளி மாதேஷ் அண்ணனிடம் கேட்டார். இருவருக்கும் நடுவில், பூச்சு வேலை முடியாத அந்தப் புது வீட்டு ஹாலில், கையில் அளவு நாடாவோடு நான் நின்றுகொண்டிருந்தேன். மாதேஷ் அண்ணன் சிரித்து மழுப்பினார். நான் சுவரின் நீளத்தை இரண்டாவது முறை அளந்தேன். முதல் முறையே சரியாகத்தான் அளந்திருந்தேன், ஆனால் முகத்தை எங்காவது வைத்துக்கொள்ள வேண்டுமே.

அது நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. போன வாரம் ஓசூரில் ஒரு வீட்டில் ஏசியின் ஃபில்டரைக் கழற்றினேன். நெய்யும் சமித்தும் கருகிய தேங்காயும் கலந்த ஒரு வாசனை மேலே வந்தது. “கணபதி ஹோமம் பண்ணீங்களா?” என்றேன். வீட்டுக்காரர் ஏதோ ஜோசியக்காரியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். எனக்கோ அந்த வாசனையோடு சாந்தம்மாவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரில் வந்து நின்றுவிட்டார்.

கோல்டு ரூம் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் சாந்தம்மாவை அநியாயமாக நினைத்துவிடுவீர்கள். பேரிகைப் பக்கம் அவருக்கு ரோஜாத் தோட்டம். பிளாஸ்டிக் கூரை போட்ட பெரிய பெரிய பாலிஹவுஸ்கள். அம்மா அங்கே பூ வெட்டப் போவாள். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். பாலிஹவுஸுக்குள் வெயில் நாளில் நின்றால் இட்லிப் பானைக்குள் நிற்பதுபோல இருக்கும். வெட்டிய பூ மட்டும் வாளித் தண்ணீரோடு நேராகக் கோல்டு ரூம் என்ற குளிர் அறைக்குப் போய்விடும். அடுத்த பிறவியில் ரோஜாவாகப் பிறக்க வேண்டும் என்று அங்கே வேலை செய்த பெண்கள் பேசிச் சிரிப்பார்கள். அந்த அறையின் வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. ஈர அட்டைப்பெட்டி, நசுங்கிய இலை, கொஞ்சம் இரும்பு. ரோஜா வாசனை மட்டும் இருக்காது. அந்த ரோஜாக்களுக்கு வாசனை கிடையாது.

ஒருநாள் யாரும் பார்க்காதபோது உள்ளே போய் நின்றேன். கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. இந்த அதிசயத்தை அம்மாவிடம் காட்டக் கையை நீட்டியபடியே வெளியே ஓடினேன். கதவு திறந்தபடியே கிடந்தது. யாராவது பார்ப்பதற்குள் முதல் வரிசைக் கட்டுகள் அனல் பட்டு இதழ் விரியத் தொடங்கிவிட்டன. மொட்டாக இருக்கும்வரைதான் அந்தப் பூவுக்கு மதிப்பு. விரிந்துவிட்டால் உள்ளூர்ச் சந்தைதான். சாந்தம்மா என்னைத் திட்டவில்லை, எனக்குப் பதிலாக அம்மாவைத் திட்டினார். தமிழில் தொடங்கி, கோபம் ஏற ஏறக் கன்னடத்துக்குப் போய், உச்சத்தில் தெலுங்கில் முடித்தார். பேருந்தில் வீடு திரும்பும்போது அம்மா ஒன்றுதான் சொன்னாள். “அவ்ளோ குளிருதுன்னா உள்ளயே நின்னுக்க வேண்டியதுதானே. எதுக்குடி எனக்குக் காட்ட வந்த?”

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்வதற்கு நான் நேரம் காலம் பார்ப்பதில்லை. இப்போதுகூடப் பாருங்கள், நீங்கள் கேட்கவே இல்லை. அப்பாவுக்குக் கைநாட்டு, அம்மா பேருந்தை நிறம் பார்த்துத்தான் ஏறுவாள். நான் கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் படித்தேன், மெக்கானிக்கல். குளிர்சாதனப் பாடம் வந்த நாளில், குளிர் என்று ஒரு பொருள் தனியாகக் கிடையாது, வெப்பத்தை வெளியே எடுத்துப் போடுவதுதான் எல்லாமே என்றார் ஆசிரியர். வகுப்பில் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் விரிந்துபோன அந்த ரோஜாக் கட்டுகளை நினைத்துக்கொண்டேன்.

படித்து முடித்ததும் மாதேஷ் அண்ணனின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பாகலூர் சாலையில், கீழே பேக்கரி, மேலே நாங்கள். மதியம் மூன்று மணிக்குத் தேங்காய் பன் வேகும் வாசனை படியேறி வரும். அந்த நேரத்தில் நான் போட்ட கணக்குகளில் எல்லாம் கொஞ்சம் தவறு இருந்திருக்கலாம். கணினியில் வரைபடம் போடுவது, விலைப்பட்டியல் அடிப்பது என் வேலை. சைட்டுக்குப் போவது ஆண்களின் வேலை. அளவெடுக்க மட்டும் என்னைக் கூட்டிப்போவார்கள், அதுவும் தரையில் நின்றபடி எடுக்கும் அளவுகளுக்கு. நான் வாரம் ஒருமுறை கேட்பேன். அவரும் வாரம் ஒருமுறை, நான் ஏணியிலிருந்து விழுந்தால் என் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்பார். நல்ல மனிதர், ஆனால் அந்தக் கேள்வியைத் தாண்டி அவரால் யோசிக்க முடியவில்லை.

சாந்தம்மா வீட்டு வேலை வந்தபோதுதான் அவர் ஒரு வாக்குக் கொடுத்தார். “இந்த வூடு ஒரு புகாரும் இல்லாம முடியட்டும். அடுத்த சைட் உனுது.”

ஆக, அந்த வீடு எனக்கு ஒரு தேர்வு. சாந்தம்மாவின் மகன் சுவரில் பெட்டி பெட்டியாக ஏசி தொங்கக்கூடாது, வீடு முழுக்க ஒரே இயந்திரம் வேண்டும் என்று கேட்டிருந்தார். இதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஹாலின் கூரையில் ஒரு பெரிய கிரில் இருக்கும். அது வீட்டுக் காற்றை உள்ளே இழுக்கும். ஃபால்ஸ் சீலிங் என்கிற பொய்க்கூரைக்கு மேலே ஒளிந்திருக்கும் இயந்திரம் அந்தக் காற்றைக் குளிர்வித்து, தகரக் குழாய்கள் வழியாக எல்லா அறைகளுக்கும் அனுப்பும். ஒரு மூக்கு, பல வாய்கள். இயந்திரத்தைப் பழுது பார்க்க, நடைவழிக் கூரையில் ஆள் ஏறும் அளவுக்கு ஒரு சின்னக் கதவு வேண்டும். இரண்டு அடிக்கு இரண்டு அடி என்று வரைந்திருந்தேன்.

அந்த இடத்தில்தான் சாந்தம்மா மரத்தில் தாமரை செதுக்கிய கூரை வேண்டுமென்றார். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, தாமரைக்குப் பக்கத்தில் இவ்வளவு பெரிய ஓட்டையா என்று முகம் சுளித்தார். அவரிடம் ஒருமுறையாவது நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்ற ஆசையில் நான் அதை ஒன்றரை அடியாக்கினேன். கணினியில் அதற்கு இரண்டு நொடிகூட ஆகாது. எங்கள் தலைமை ஃபிட்டர் முனிராஜ் அண்ணன் அந்தக் காகிதத்தைப் பார்த்தார், குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். “பாப்பா, இதுல பூனதான் போவும்,” என்றார். அதெல்லாம் போதும் அண்ணா என்று படித்தவள் தோரணையில் சொன்னேன்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தைய நாள் சாந்தம்மா போன் செய்தார். பூஜை நடக்கும்போது ஏசி ஓடலாமா? தாராளமாக ஓடட்டும் என்றேன். உண்மையைச் சொல்கிறேன், யோசித்துச் சொல்லவில்லை. தோட்டத்து ஆட்களுக்கும் அழைப்பு இருந்தது, அம்மா வருவாள். நான் வரைந்த குளிரில் அம்மா உட்கார வேண்டும். என் மண்டையில் அது மட்டும்தான் ஓடியது. ஹாலின் நீளம், அகலம், உயரம், கண்ணாடி, வெயில் விழும் திசை, உட்காரும் ஆட்கள், எரியும் விளக்குகள் வரை கணக்கில் சேர்த்தவள் நான். நடு ஹாலில் செங்கல் அடுக்கி நெருப்பு மூட்டுவார்கள் என்பதைச் சேர்க்கவில்லை. எத்தனை ஹோமம் பார்த்திருக்கிறேன், எத்தனை வீட்டில் கண்ணைக் கசக்கியிருக்கிறேன். அந்த வீடுகளில் எல்லாம் புகை ஓட்டு இடுக்கிலும் ஜன்னலிலும் தானாகப் போய்விடும்.

இங்கே ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தியவர் சாந்தம்மா. குளிர் அறை நடத்தியவர் இல்லையா, குளிரை வெளியே விடுவது அவருக்குப் பாவம். ஒரு கண்ணாடியையும் விடாமல் தாழ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். புரோகிதர் கிழக்குப் பார்த்து ஹோம குண்டம் வைத்த இடத்துக்கு நேர் மேலே இருந்தது என் கிரில்.

நெருப்பு நன்றாகப் பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், குண்டத்தைச் சுற்றிப் புகையே இல்லை. எழுந்த புகையெல்லாம் நேராக மேலே போய் மறைந்தது. கண் எரியாமல் ஹோமம் செய்வது தனக்கு இதுதான் முதல் தடவை என்று புரோகிதர் மந்திரத்துக்கு நடுவில் மகிழ்ச்சியாகச் சொன்னார். நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா என்னைப் பார்த்தாள். அந்த மூன்று நிமிடம் என் வாழ்க்கையிலேயே மிக உயரமான மூன்று நிமிடம்.

பிறகு மாடிப் படுக்கையறையில் புடவை மாற்றிக்கொண்டிருந்த பெண்கள் இருமியபடி இறங்கி வந்தார்கள். சமையலறையிலிருந்து சமையல்காரர் கரண்டியோடு வந்தார். ஒரு பெரியவர் குளியலறையிலிருந்து வந்த விதத்தை எழுத வேண்டாம். மேலே வீடு எரிகிறது என்று யாரோ சொல்ல, எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். என் இயந்திரம் பாரபட்சம் பார்க்காமல் எல்லா அறைக்கும் சமமாகப் புகை பரிமாறியிருந்தது. நான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். வாசலில் அம்மா மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். மெதுவாகக் கேட்டாள், “இது நீ போட்டதா?”

“ஆமாம்மா.”

அவள் என் முதுகில் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் மாதேஷ் அண்ணன் நிமிர்ந்து பார்க்காமல், இனி விலைப்பட்டியல் மட்டும் அடித்தால் போதும், அளவெடுக்கக்கூட வர வேண்டாம் என்றார். அதோடு முடிந்திருந்தால் நான் இன்னும் அந்த பன் வாசனையில்தான் உட்கார்ந்திருப்பேன். ஆனால் புகை அடங்கிய பிறகும் வாசனை அடங்கவில்லை. ஏசி போடும்போதெல்லாம் வீடு முழுக்க ஹோமம் நடந்தது. மருமகளுக்கு ஓயாத தும்மல். எல்லாவற்றையும் பிய்த்துக்கொண்டு போங்கள், சுவரில் பெட்டியே மாட்டிக்கொள்கிறோம் என்று சாந்தம்மா சொல்லிவிட்டார்.

கழுவிப் பார்ப்போம் என்று முனிராஜ் அண்ணன் போனார். அந்த ஒன்றரை அடிக் கதவில் தலை போனது, ஒரு தோள் போனது, மற்றது போகவில்லை. கொஞ்ச நேரம் கூரையிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தனவாம். மற்ற ஃபிட்டர்களும் முனிராஜ் அண்ணனைப் போலவே நன்றாகச் சாப்பிடுகிறவர்கள். கதவைப் பெரிதாக்கத் தாமரையை அறுக்க வேண்டும். அறுத்தால் உங்கள் கையை அறுப்பேன் என்று சாந்தம்மா ஏணிக்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தகவல் கேட்டு அலுவலகத்திலிருந்து கிளம்பிய மாதேஷ் அண்ணன், என்ன நினைத்தாரோ, வரைபடத்தோடு என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

நாங்கள் போனபோது முனிராஜ் அண்ணன் சிராய்த்த தோளில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “பூன வந்துருச்சு,” என்றார்.

மாதேஷ் அண்ணன் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உங்க அம்மாவுக்கு நீயே பதில் சொல்லிக்க. ஏறு,” என்றார். ஏணியை அவரே பிடித்துக்கொண்டார்.

மூன்று நாள். பொய்க்கூரைக்கு மேலே குறுக்கே பலகை போட்டு, குப்புறப் படுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வேலை. ஃபில்டர் கறுத்துப்போயிருந்தது. குளிர்விக்கும் சுருளின் மெல்லிய தகடுகளுக்கு நடுவில் நெய்யும் கரியும் மையைப் போல ஒட்டியிருந்தன. மருந்து அடித்து, கழுவி, குழாய்களின் உள்பக்கத்தை முழம் முழமாகத் துடைத்தேன். கை எட்டாத இடங்களுக்கு முனிராஜ் அண்ணன் கீழே மூங்கில் குச்சியில் துணி சுற்றிச் சுற்றிக் கொடுத்தார். முதல் நாள் பயத்தில் வேர்த்தது, இரண்டாம் நாள் வெறும் புழுக்கத்தில் வேர்த்தது. மூன்றாம் நாள் கீழே பேசுவது கேட்காத அளவுக்கு வேலையில் மூழ்கியிருந்தேன். நான் காகிதத்தில் ஒற்றைக் கோடாகப் போட்டதெல்லாம் அங்கே ஆணியும் விளிம்புமாகக் கையைக் கிழித்தது. வரைவதற்கு முன்பே ஏறியிருக்க வேண்டிய இடம் அது.

நான்காம் நாள் காலையில் ஏசியைப் போட்டோம். சாந்தம்மா ஒவ்வோர் அறையாகப் போய் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். பூஜை அறை, சமையலறை, மாடி. திரும்பி வந்து, “ஆயித்து,” என்று கன்னடத்தில் முடித்தார்; சரி, ஆயிற்று என்று அர்த்தம். பிறகு கூரைக் கதவில் தலை நீட்டியிருந்த என்னை அண்ணாந்து பார்த்து, “எறங்குறப்ப அந்தக் கதவ சாத்திட்டு எறங்கு,” என்றார். சாத்தினேன். சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இரண்டு முறை தள்ளியும் பார்த்தேன்.

மாதேஷ் அண்ணன் பாராட்டெல்லாம் சொல்லவில்லை. ஓசூரில் என் காலுக்குச் சேஃப்டி ஷூ கிடைக்காமல் பெங்களூரிலிருந்து ஒரு ஜோடி வரவழைத்தார். அடுத்த சைட் சூளகிரியில். அன்றிலிருந்து என் அளவுப் படிவத்தில் “ஹோமம் எங்கே?” என்று ஒரு கட்டம் உண்டு. பெங்களூர் என்ஜினியர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுத் தங்கள் படிவத்திலும் சேர்த்துக்கொள்வார்கள்.

இப்போது பேரிகையில் அந்தப் பாலிஹவுஸ்கள் இல்லை. பிளாஸ்டிக்கை உரித்து, கம்பியைப் பிடுங்கி, மனை போட்டு எண் எழுதிய கல் நட்டிருக்கிறார்கள். குளிர் அறையை ஐஸ்கிரீம் ஏஜென்சிக்காரர் அப்படியே பெயர்த்து எடுத்துப் போனார். அம்மா வேலையை விட்டுவிட்டாள். முனிராஜ் அண்ணன் ஒரு தொழிற்சாலையில் நிரந்தரமாகிவிட்டார். மார்கழியில் காலை பத்து மணிக்கும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்ற ஓசூரைச் சொன்னால் புதிதாகக் குடிவந்தவர்கள் நம்புவதில்லை. பங்குனி பிறந்ததும் அவர்கள்தான் முதலில் எனக்குப் போன் செய்கிறார்கள். போன வருடம் மாதேஷ் அண்ணனும் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு மகனோடு மைசூருக்குப் போய்விட்டார். கீழே பேக்கரியும் இல்லை, அந்த இடத்தில் கைபேசிக் கடை. மூன்று மணிக்கு அந்தப் படிக்கட்டில் இப்போது எந்த வாசனையும் வருவதில்லை.

பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனம் வரைபட வேலைக்குக் கூப்பிட்டது. நாற்காலி, கணினி, ஜன்னலோரம். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். சொந்தமாக ஏசி வேலை எடுத்துச் செய்ய, கெலமங்கலம் சாலையில் ஷட்டர் போட்ட ஒரு கடையைப் பிடித்து, போன திங்கட்கிழமை மும்முனை மின் இணைப்புக்கு விண்ணப்பமும் கொடுத்துவிட்டேன். ஆய்வுக்கு வரும்போது பொறுப்பாளராக யார் இருப்பார் என்று படிவத்தில் ஒரு வரி இருந்தது. என் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டு வந்தேன்.