பொருந்தாத கேஸ் கேன்

புயல் மழையில் நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர். மனைவி காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டில் கரண்டும் இல்லை, சிலிண்டரும் தீர்ந்துவிட்டது. பால்பவுடர் கரைக்க வெந்நீரில்லாமல் மூன்று மாதக் குழந்தை அலறியது.

கேம்பிங் போக ஆசைப்பட்டு, அழகை மட்டும் பார்த்து வாங்கிய சின்ன அடுப்பு ஒன்று இருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்துபோய் வாங்கி வந்த கேஸ் கேன் அதில் பொருந்தவில்லை. வெறி பிடித்தவன்போல் அழுத்தித் திருகினேன். உஸ்ஸென்று கேஸ் கசிந்தது. அப்படியும் லைட்டரை எடுத்தேன்.

“கொளுத்தாத தம்பி! மேல வரைக்கும் கேஸ் நாத்தம் வருது!”

மாடிவீட்டு பாத்திமா அக்கா ஓடிவந்து லைட்டரைப் பிடுங்கினார். தண்ணீர் மோட்டார் போடுவதில் வந்த சண்டைக்குப் பிறகு ஒரு வருடமாக நான் அவரிடம் பேசியதில்லை.

“வெந்நீ வேணும்னு ஒரு கொரல் குடுத்தா கொறஞ்சா போயிடுவ?” என்றார்.

அவர் வீட்டு வெந்நீரில் கரைத்த பாலைக் குழந்தை அவர் மடியிலேயே குடித்துவிட்டுத் தூங்கியது. கேட்க வெட்கப்பட்டு என் பிள்ளையையே எரிக்கப் பார்த்தேன். இதை இன்னும் மனைவியிடம் சொல்லவில்லை.