அவரைப் பந்தலில் ஒரு முள்ளுப் புழு

"சிலந்தி வலையக் கலைச்சதுகூடப் போவட்டும் மதினி. முள்ளு முள்ளா கறுப்புப் புழு கெடந்துச்சே, அதுகள என்ன செஞ்சிய?"

எழுபதுகளின் தொடக்கம், மார்கழி மாதம். மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக் கொல்லையில், அவரைப் பந்தலுக்கு அடியில் நின்றுகொண்டு அவள் கேட்டாள்.

அவள் பக்கத்துப் போர்ஷன்காரி. திருநெல்வேலிப் பக்கம்; கணவருக்கு ஜவுளிக்கடையில் வேலை. என் வயசுதான். குடிவந்த அன்றைக்கே என்னை மதினியாக்கிக்கொண்டாள். இந்தப் பொங்கல் கூட்டுக்குக் கடை அவரை வாங்கமாட்டேன் என்று சபதம் போட்டு அந்தக் கொடியை வளர்த்தவள். தங்கையின் பிரசவத்துக்காக ஊருக்குப் போன இரண்டு வாரமும் அதை என்னிடம்தான் ஒப்படைத்திருந்தாள்.

நானும் பார்த்துக்கொண்டேன், கொஞ்சம் அதிகமாகவே. பொங்கலுக்காக வீட்டில் ஒட்டடை அடித்த கையோடு பந்தலையும் விடவில்லை. ஒரு சிலந்தி பாக்கியில்லை. கும்பிடுபூச்சியைக் கொன்றால் பாவமாச்சே என்று முறத்தில் ஏந்தி மதிலுக்கு அந்தப் பக்கம் விட்டேன். சிவப்புப் பொறிவண்டுகளை மட்டும் தொடவில்லை. பார்க்க லட்சணமாக இருந்தன. இலையில் ஊர்ந்த கறுப்பு முள்ளுப் புழுக்களைத்தான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கொட்டாங்கச்சியில் மண்ணெண்ணெய் ஊற்றி அதில் போட்டேன். பெருமையாகத்தான் இருந்தது.

ஒரே வாரம். எள்ளை வாரித் தூவினாற்போல் பூங்கொத்தெல்லாம் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி. சாம்பல் தூவினேன், கேட்கவில்லை. பூவெல்லாம் உதிரத் தொடங்கியது. வேலியே பயிரை மேயும் என்பார்களே, அந்த வேலி நான்தான்.

கொட்டாங்கச்சியைக் காட்டினேன். எட்டிப் பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அது பொறிவண்டோட பிள்ளைய மதினி. அசுவினியத் திங்கிறதே அதுகதான். அம்மைய அழகா இருக்கான்னு விட்டுட்டு, பிள்ளையளையா முக்குனிய?"

அவ்வளவுதான். ஊரிலிருந்து கொண்டுவந்த மூட்டையைக்கூடப் பிரிக்காமல் வெளியே போய்விட்டாள். இனி இவள் என்னோடு பேசமாட்டாள் என்றே நினைத்தேன்.

அந்தப் பொங்கலுக்கு அந்தக் கொடியிலிருந்தே இரண்டு வீட்டுக் கூட்டுக்கும் ஒரு முறம் அவரை தேறியது. ருசி மறந்துவிட்டது. ஆனால், தப்புச் செய்தவர் கையிலிருந்து காரியத்தைப் பிடுங்கிக்கொள்ள எனக்குத் தோன்றும்போதெல்லாம், அன்று அவள் செய்ததுதான் கண்முன் வந்து நிற்கும். ரயில் பாதை ஓரத்து எருக்கஞ்செடியிலிருந்து, முள்ளுப் புழுக்கள் ஊரும் நாலு கொப்பு ஒடித்துக்கொண்டு அரைமணியில் திரும்பி வந்தாள். கொடியருகே அவள் போகவில்லை. நாலையும் என் கையில் கொடுத்துவிட்டு, நான் என்ன செய்கிறேன் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல், மூட்டையைப் பிரிக்க உள்ளே போனாள்.