ஐம்பது கேபிக்குள் ஒரு கை

ஆற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று தினமும் காலை எட்டு மணிக்குப் பார்த்து எழுதுவது என் வேலை. தாமிரபரணி அணைக்கட்டு ஒன்றில் நான் லஸ்கர். மடையைத் திறப்பது, மூடுவது, கால்வாயை அடைத்துக்கொள்ளும் ஆகாயத்தாமரையை இழுத்துப் போடுவது, இதெல்லாம் போக இந்த அளவும் உண்டு. அணைக்கட்டுச் சுவரில் அடிக்கணக்கு எழுதிய வெள்ளை இனாமல் பட்டை ஒன்று பதித்திருக்கிறது. தண்ணீர் அதில் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதுதான் அன்றைய மட்டம். முன்பெல்லாம் நான் நோட்டில் எழுதினால் நம்பினார்கள். பிறகு போட்டோ கேட்டார்கள். இருபது வருஷம் எழுதிய கையை ஒரு சுற்றறிக்கையில் சந்தேகப்பட்டுவிட்டார்களே என்று எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

போட்டோ எடுப்பதில் ஒரு சங்கடம். பட்டை கிழக்கே பார்த்து இருக்கிறது. எட்டு மணி வெயில் இனாமலில் பட்டுத் தெறித்தால் போனில் எண்ணே விழாது. மழைக்காலத்திலோ போன் நனைந்துவிடும். இரண்டுக்கும் ஒரு குடை வேண்டும். படிக்கட்டில் இறங்கி, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையில் போனை நீட்டினால் எனக்கு மூன்றாவது கை இல்லை. அணைக்கட்டை ஒட்டிய குவார்ட்டர்ஸில் நாங்கள் இரண்டே பேர். பிள்ளை இல்லை. அதனால் என் வீட்டுக்காரிதான் அடுப்பைத் தணித்துவிட்டுக் கறுப்புக் குடையோடு வருவாள்.

"சம்பளம் ஒங்களுக்கு, குடை பிடிக்கது நானாக்கும்? எனக்கும் ஒரு ஆர்டர் வாங்கித் தாங்க" என்பாள்.

"ஏட்டி, பேசாம நில்லு. நிழல் ஆடுது" என்பேன்.

நாலு வருஷம் இப்படிப் போயிற்று.

எடுத்த படத்தை ஏற்றுவது தனிக்கூத்து. எங்கள் இணையதளம் ஐம்பது கேபிக்கு மேல் ஒரு படத்தையும் வாங்காது. என் போன் எடுப்பதோ மூன்று எம்பி. யானையைப் பானைக்குள் அடைக்கிற கதைதான். அந்தத் தளமும் பிரிவு அலுவலகத்தில் இருக்கும் ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில்தான் திறக்கும். புது பிரவுசர் போட்டால் திறக்காது. 'அப்டேட் கேட்டால் வேண்டாம் என்று அமுக்கவும்' என்று எழுதி மானிட்டர் தலையில் ஒட்டியிருந்தார்கள். தினமும் மொபெட்டில் போய் ஒயரை மாட்டி ஏற்றிவிட்டு வருவேன்.

முதல் வாரம் முழுப் படத்தையும் சுருக்கி ஏற்றினேன். இன்ஜினியர் போன் போட்டார்.

"என்னவே இது? பட்டையில எண்ணு தெரியல. ஒங்க வீட்டம்மா குடையோட நிக்கது மட்டும் நல்லாத் தெரியுது. ஆத்துல எவ்வளவு தண்ணி நிக்குன்னு இத வச்சி எப்படி வே சொல்ல?"

அன்றைக்கே வித்தையைக் கற்றுக்கொண்டேன். சுருக்கக் கூடாது, நறுக்க வேண்டும். பட்டை இருக்கும் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டால் எண்ணும் தெரியும், ஐம்பது கேபிக்குள்ளும் அடங்கும். ஏற்றி முடித்ததும் முழுப் படத்தை அழித்துவிடுவேன். போனில் எப்போதும் 'இடம் இல்லை' என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் என் மனைவியைப் படம் எடுத்திருக்கிறேன். தினமும் பத்து மணிக்குள் அழித்திருக்கிறேன்.

அவள் போய் ஏழு மாதம் ஆகிறது. வயிற்றில் கட்டி. பாளையங்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், "எவ்வளவு நாளா இப்படி மெலியுதாங்க?" என்று கேட்டார். "இப்போ ஒரு மாசமாத்தான் சார்" என்றேன். நிச்சயமாகத்தான் சொன்னேன். அளவு பார்க்கிறவன் இல்லையா நான்.

மாலை போட ஒரு படம் தேடியபோதுதான் வீட்டில் படமே இல்லை என்பது உறைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன் வந்த மார்கழி வெள்ளம் குவார்ட்டர்ஸுக்குள் இடுப்பளவு நின்றது. அன்று நான் அளவு நோட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். கல்யாண ஆல்பம் கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குள் இருந்தது. சேறு வடிந்த பிறகு பிரித்தால் பக்கங்கள் ஒட்டிப்போய்க் கட்டியாக வந்தது. கடைசியில் ஆதார் கார்டில் இருந்ததைப் பெரிதாக்கி மாட்டினேன். ஆதார் படத்தில் யார்தான் தங்களைப் போல் இருக்கிறார்கள்? சுவரில் இருப்பவளைப் பார்த்தால் யாரோ மளிகைக் கடன் கேட்க வந்தவள் மாதிரி இருக்கிறாள். நான் அந்தப் படத்தோடு பேசுவதே இல்லை.

போனில் என்ன இருந்தது தெரியுமா? ரோஜாப் பூ வைத்த காலை வணக்கங்கள், முன்பின் தெரியாதவர்களின் கல்யாண வீடியோ, யாரோ அனுப்பிய பேதி மருந்துக் குறிப்பு. அதையெல்லாம் பத்திரமாக வைத்திருந்தேன். ஜங்ஷன் பக்கம் ஒரு மொபைல் கடையில் கொடுத்து, அழித்ததை மீட்க முடியுமா என்று கேட்டேன். "அது மேலயே வேற படம் எறங்கிட்டு அண்ணாச்சி. இனிமே வராது" என்று சொல்லிவிட்டார் கடைக்காரர்.

போன மாதம் அலுவலக குரூப்பில் செய்தி வந்தது. பழைய தளத்தை மாதக் கடைசியில் மூடுகிறார்கள். இனி போனிலேயே புது ஆப். பழைய மட்டக் கணக்கு புதுசுக்குப் போகும். படங்கள் போகாது, இடம் இல்லையாம். எல்லோரும் கை கூப்பிய பொம்மையைப் போட்டார்கள். எனக்கு ஒன்று நினைவு வந்தது. அந்த முதல் வாரத்துப் படங்கள்! இன்ஜினியர் திட்டிய அந்த ஏழு படங்களிலும் அவள் முழுசாக நின்றிருந்தாளே. சின்னதாக இருந்தால் என்ன, முகம் தெரிந்தால் போதும்.

மறுநாளே அலுவலகம் போனேன். கம்ப்யூட்டர் பார்க்கும் பெண் வள்ளியூர்க்காரி, தற்காலிக வேலைதான். விஷயத்தைச் சொன்னேன். அவள் நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். தேதியை அடித்து, சக்கரம் சுற்றி முடியும் வரை காத்திருந்து, ஒவ்வொரு படமாகத் திறந்தோம். முதல் நாள் பட்டை மட்டும். இரண்டாம் நாளும் அப்படியே.

"அண்ணாச்சி, இந்த ஏழு நாளும் ரெண்டாவது தடவ ஏத்திருக்கீங்க. புதுசு ஏறினா பழசு போயிரும்" என்றாள்.

ஆமாம், இன்ஜினியர் சொன்ன அன்று மாலையே அலுவலகத்துக்கு ஓடி, போனில் அழிக்காமல் கிடந்த அந்த ஏழு படத்தையும் நறுக்கி, திருத்தி ஏற்றியவன் நான்தான். அவ்வளவு பொறுப்பு. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

எழுந்துவிட்டேன். அந்தப் பெண்தான், "பொறுங்க அண்ணாச்சி, இது யாரு கை?" என்றாள்.

குடையைத் தாழ்த்திப் பிடித்தால்தான் பட்டையில் நிழல் விழும். அதனால் எவ்வளவு நறுக்கினாலும் ஓரத்தில் அவள் மணிக்கட்டு மிஞ்சியிருந்தது. குடைக் கம்பு, நாலு விரல், இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல். எல்லா நாளும் இருந்தது. ஏற்றும்போது ஒரு நாளும் நான் அதைப் பார்த்ததில்லை. கோட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

தினமும் மத்தியானம் போய் ஒவ்வொன்றாகச் சேமித்தேன். பதினெட்டு நாள் ஆயிற்று. எல்லாவற்றையும் என் போனுக்கு மாற்றிவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: "நாலு வருஷமும் சேத்து எழுவது எம்பிகூட வரல அண்ணாச்சி."

ஒரு கல்யாண வீடியோவை அழித்தேன். நாலு வருஷத்துக் கையும் அந்த இடத்தில் அடங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து வரிசையாகத் தள்ளிப் பார்த்தேன். கார் அறுப்பு, பிசான நடவு, வெள்ளம், சித்திரை வறட்சி, எல்லாம் பட்டையில் ஏறி இறங்கியது. இப்போது நான் கோட்டைப் பார்க்கவில்லை. முதல் வருஷம் வளையல் மணிக்கட்டில் இறுகி நிற்கிறது. மூன்றாம் வருஷமும் அப்படித்தான். நாலாம் வருஷம் ஆனியில் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. ஐப்பசியில் கம்பைப் பிடித்த கையில் வளையல் சரிந்து முழங்கை வரை போய்விட்டது. தையில் வளையலே இல்லை, நிற்காது என்று கழற்றி வைத்திருப்பாள். மாசியில் விரல் எலும்பு தனித்தனியாகத் தெரிகிறது. ஒரு மாதம் என்று டாக்டரிடம் சொன்னேனே, முக்கால் வருஷம். முக்கால் வருஷமும் தினமும் ஒரு படம் எடுத்து, தேதி போட்டு, நானே ஏற்றியிருக்கிறேன்.

கடைசிப் படம் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள். அதில் இரண்டு கை இருக்கிறது. ஒரு கையால் குடையைத் தாங்க முடியாமல் இன்னொரு கையையும் கொடுத்திருக்கிறாள். அப்படியும் நிழல் ஆடியது. அன்று என்ன சொன்னேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. "ஏட்டி, ஒரு குடையப் பிடிக்கத் தெரியல?" என்று சத்தம் போட்டேன். அவள் கம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

மூன்று அடி, நாலு அங்குலம். அன்றைய மட்டத்தை நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.