ஜவுளிக்கடை ஆர்கனும் நான் எழுந்திருக்காத பெஞ்சும்

ஜவுளிக்கடை உத்தியோகம் என்பது காலால் பார்க்கிற வேலை. வாயும் கையும் சும்மா ஒத்தாசைக்கு. காலையில் ஷட்டர் தூக்கும்போது நிற்க ஆரம்பித்து, பாதம் வீங்கி, செருப்பு வார் இறுகி, பஸ்ஸிலும் இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துத் தொங்கி வீடு போய்ச் சேருகிற சக ஜீவன்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சாய்ந்து உட்கார்ந்து படித்துக்கொள்ளட்டும்.

நாகர்கோவிலில் நாலு மாடி ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவில் இருக்கிறேன். எந்த ஜவுளிக்கடையிலும் இல்லாத ஒரு சாமான் எங்கள் கடையில் உண்டு. பைப் ஆர்கன், குழல்களில் காற்று ஊதி ஒலிக்கும் பெரிய வாத்தியம். மலையோரத்து ரப்பர் எஸ்டேட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரை அந்தக் காலத்தில் கப்பலில் வரவழைத்துத் தன் பங்களாவில் வைத்திருந்தாராம். பங்களாவை இடித்தபோது எங்கள் பெரிய முதலாளி அதை வாங்கிவந்து, கடையின் நடுக்கூடத்தில் நிறுத்திவிட்டார். அதன் குழல்கள் தரையிலிருந்து இரண்டாம் மாடிக் கைப்பிடி வரைக்கும் எழும்பி நிற்கின்றன. எங்கள் தேவாலயச் சபையில் நான் ஆர்கன் வாசிக்கிறவள் என்று கேள்விப்பட்டு என்னை வேலைக்கு எடுத்தார். காலையில் அரை மணி, சாயங்காலம் ஒரு மணி வாசிப்பு, மீதி நேரமெல்லாம் சேலை.

வாசிப்பதற்கு ஒரு பெஞ்சு உண்டு. அத்தனை பேர் வேலை பார்க்கிற கடையில் ஊழியர் ஒருவர் உட்காரக்கூடிய ஒரே இடம் அதுதான். ஆர்கனைக் கழற்றி ஏதோ ரிசார்ட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் கவரிங் நகை கவுண்டர் போட வேண்டும் என்பது புது மேனேஜரின் திட்டம். போகவிடக் கூடாது என்பது என் பிடிவாதம்.

பழைய மாடல்

முதலில் வெளியாட்களிடம் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரியில் கடல் பார்த்துவிட்டு வரும் டூரிஸ்ட் பஸ் ஆட்கள் ஈரத் துணியோடு வந்து, குழல்களைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவார்கள். ஒரு அம்மாள் தலையிலிருந்த பூவை எடுத்து வாசிக்கும் கட்டைகள் மேல் வைத்துவிட்டுப் போனார். நான் அதை எடுக்காமலே அன்றைக்கு வாசித்தேன்.

மணவாளக்குறிச்சியிலிருந்து ஒருவர் மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தார். வீட்டுப் பெண்கள் சேலை பார்க்கப் பார்க்க, இவர் ஆர்கனைச் சுற்றிச் சுற்றி வந்தார். காற்று ஊதும் மோட்டாரின் இரைச்சலைக் காது வைத்துக் கேட்டார். குழலைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் என் பக்கத்தில் வந்து, ரகசியம் சொல்கிற தொனியில் சொன்னார்: “மோளே, நான் சவுதியில தம்மாம்ல இருவது வருசம் ஏசி வேல பாத்தவன். இது பழைய மாடலு. குளிரே வரல்ல, சத்தம் மட்டுந்தான் வருது. மாத்தச் சொல்லு உங்க மொதலாளிட்ட.”

கால் வேலை

அவராவது ஏசி என்று நினைத்து மாற்றச் சொன்னார். ஆர்கன் என்று தெரிந்தே மாற்றச் சொன்னவர் எங்கள் மேனேஜர், பெரிய முதலாளியின் மருமகன். பெரிய முதலாளி மூட்டு ஆபரேஷன் முடிந்து வீட்டோடு இருக்க, பெங்களூரிலிருந்து இவர் வந்து பொறுப்பேற்றார். வந்த வாரமே என்னைக் கூப்பிட்டார். கேமராவில் பார்த்தாராம். எல்லா ஸ்டாஃபும் நிற்கும்போது நான் மட்டும் உட்கார்ந்திருப்பது டிசிப்ளின் இல்லையாம். நின்றுகொண்டு வாசித்தால் என்ன என்று கேட்டார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. ஆர்கனுக்குக் கீழேயும் ஒரு வரிசைக் கட்டைகள் உண்டு, அதை இரண்டு காலாலும் வாசிக்க வேண்டும், நின்றால் வாசிக்க முடியாது என்று காட்டினேன். “அப்போ கால் வேலையை விட்டுடுங்க மேடம், கை மட்டும் போதும்” என்றார்.

மறுநாள் காலையில் போய் உட்கார்ந்தேன். கையைக் கட்டிக்கொண்டேன். அரை மணி நேரம் காலால் மட்டும் வாசித்தேன். காலுக்கு உரியவை பெரிய குழல்கள், இருப்பதிலேயே கனத்த சத்தம். கவுண்டர் கண்ணாடி அதிர்ந்தது, பொம்மைகளின் சேலை மடிப்பு அவிழ்ந்தது, மேனேஜர் ரூம் கதவு தானாகத் திறந்தது. அவர் வெளியே வந்து என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன், காலை எடுக்கவில்லை. பில் போடும் இடத்தில் நின்ற கோவளத்து அம்மாள் ஒருவர் கேஷியரிடம் கெஞ்சினார்: “கட்டடம் விழதுக்கு முன்னால எனக்க பில்லப் போட்டுத் தந்துரு மக்கா.”

புத்தகம் புரட்டுகிறவர்கள்

ரமணி என்னோடு பட்டுப் பிரிவில் இருப்பவள். முழங்காலுக்குக் கீழே நரம்பு நீலமாகச் சுருண்டு கிடக்கும். டாக்டர் உட்காரச் சொன்னார். கடை நிற்கச் சொன்னது. ஒரு நாள் பட்டுப்புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கவுண்டரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் நான் மேனேஜரிடம் போய், வாசிக்கும்போது பாட்டுப் புத்தகம் புரட்ட ஒரு ஆள் வேண்டும், இல்லாவிட்டால் சுருதி தப்பும் என்று சொன்னேன். சுருதிக்கும் புரட்டுவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவருக்கு அது தெரியாது.

அதன்பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருத்தியாக எல்லாப் பிரிவுப் பெண்களும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்து போனார்கள். சாயங்கால ஒரு மணி நேரத்தில் ஆறு பேருக்குக் கால் ஆறியது. சிலர் உட்கார்ந்ததுமே பெருமூச்சு விடுவார்கள். அது பாட்டை விடப் பெரிதாகக் கேட்கும். ஒரு மாதம் கழித்துத்தான் மேனேஜருக்கு உறைத்தது, நான் முன்னால் புத்தகமே வைப்பதில்லை என்று. ரமணி உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து வந்து நின்று, “புத்தகம் எங்கே?” என்று கேட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. “இனிமேத்தான் சார் எழுதணும்” என்றாள்.

ஸ்டூல்

கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதை ரமணி தன் போனில் எடுத்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டினாள். விஷயம் மேனேஜர் காதுக்குப் போய், ஒரு நாள் ஒவ்வொரு கவுண்டருக்குப் பின்னாலும் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. எங்களை உட்கார வைத்து ஃபோட்டோ எடுத்தார்கள். பிறகு விதிமுறை வாசித்தார்கள். கஸ்டமர் முன்னால் உட்காரக் கூடாது. கஸ்டமர் இல்லாத நேரத்தில் துணி மடிக்க வேண்டும். துணி மடிக்கும்போது உட்காரக் கூடாது. எங்கள் எலக்ட்ரீஷியன் மாகீன் அண்ணன், கோட்டாற்றுக்காரர், ஏணியில் நின்று பல்பு மாற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நல்ல ஸ்டூலு. இந்தக் கடையில சும்மா இருக்கது அது ஒண்ணுதான்.”

கோடி

கல்யாணத்துக்கு எடுக்க வருகிறவர்களை வாசல் வரை போய் அழைப்போம். இறந்தவர் மேல் போர்த்தக் கோடித்துணி எடுக்க வருகிறவர்களை அழைக்க மாட்டோம். வாங்க என்றோ போயிட்டு வாங்க என்றோ சொல்லக் கூடாது. சிரிக்கக் கூடாது. கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். தரைத்தளத்தில் யாராவது கோடி கேட்டால் கேஷியர் என்னைப் பார்த்துக் கையைத் தாழ்த்திக் காட்டுவாள். நான் உடனே நிறுத்திவிடுவேன்.

அன்றைக்கு வந்தவர் குளச்சல் பக்கத்துக்காரர். கடலில் காய்ந்த உடம்பு. மனைவி காலையில் இறந்திருக்கிறாள். கூட வந்தவர்கள் துணி எடுக்க, இவர் நிற்க முடியாமல் தள்ளாடினார். நான் பாட்டை நிறுத்திவிட்டு அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்தேன். மேனேஜர் வேகமாக வந்து, பப்ளிக் அங்கே உட்காரக் கூடாது என்று ஆரம்பித்தார். “சார், போங்க” என்றேன். இத்தனை வருடத்தில் முதலாளி வீட்டு ஆளிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. சொன்னதை மாற்றியும் சொல்லவில்லை. அவர் போனார். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெரியவர் என் கையைத் தொட்டார். “நீ எதுக்கு மக்கா நிறுத்தின? நிறுத்தாண்டாம். அவளுக்கு சத்தம் இல்லாத வீடு பிடிக்காது.”

சாரம் பிரிவு

மறுநாள் என்னைப் பட்டிலிருந்து மூன்றாம் மாடிக்கு மாற்றினார்கள். சாரம் என்கிற கைலியும் துவர்த்து என்கிற துண்டும் மட்டுமே இருக்கும் இடம். அங்கே வருகிறவர்கள் பேசக்கூட மாட்டார்கள், விரலைக் காட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். ஆர்கன் மோட்டாரின் வயரையும் பிடுங்கிவிட்டார்கள். அது ரிப்பேராம். அடுத்த வாரம் ரிசார்ட்காரர்கள் அளவெடுக்க வருகிறார்களாம். நான் அன்றைக்கு மாடிப்படியில் நின்று அழுதேன். பெஞ்சுக்காக அழுகிறேனா ஆர்கனுக்காக அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

மாகீன் அண்ணன் வந்து அழட்டும் என்று கொஞ்சம் விட்டார். பிறகு என்னை ஆர்கனுக்குப் பின்னால் கூட்டிப்போய் ஒரு பலகையைக் கழற்றினார். உள்ளே துருத்தி, அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு ஒரு மரக்கைப்பிடி. கரன்ட் வராத காலத்தில் எஸ்டேட் வேலையாள் ஒருவன் பின்னால் நின்று அதை மேலும் கீழும் அழுத்திக் காற்று அடிப்பானாம். துரை முன்னால் வாசிப்பாராம். அண்ணன் அழுத்திப் பார்த்தார். துருத்தி இருமுவது போல ஒரு சத்தம் போட்டது, பிறகு மூச்சு விட்டது. சாப்பாட்டு நேரம் அரை மணி எங்களுடையது, அதில் யாரும் கேள்வி கேட்க முடியாது. நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்த மேனேஜர், வயர் இல்லாமல் எப்படி ஓடுகிறது என்று கேட்டார். அண்ணன் கைப்பிடியை விடாமலே பதில் சொன்னார்: “சோறு தின்னுட்டு வந்திருக்கேன் சார். அதுல ஓடுது.”

வடசேரிக்காரர்கள்

அண்ணன் ஒருவரால் தினமும் முடியாது. இரண்டாம் நாள் ரமணி வந்தாள், மூன்றாம் நாள் தையல் பிரிவிலிருந்து இரண்டு பேர். அழுத்தாதவர்கள் சாப்பாட்டு டப்பாவோடு வந்து ஆர்கனைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். அதுவரை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் சாப்பிட்டவர்கள். அந்த வாரக் கடைசியில் முதல் பந்தி முழுக்க நடுக்கூடத்தில், கிரானைட் தரையில், கஸ்டமர் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது. மேனேஜர் வந்து எழுந்திருக்கச் சொன்னார். யாரும் எழுந்திருக்கவில்லை. இப்போதே எழுந்திருக்காவிட்டால் நாளைக்கு யாரும் வேலைக்கு வர வேண்டாம் என்றார். நான் வாசிப்பை நிறுத்தவில்லை. எனக்குப் பயம் இல்லாமலில்லை. இந்த வயதில் எனக்கு வேறு எந்தக் கடை வேலை கொடுக்கும்? பயத்தில் இரண்டு இடத்தில் தப்பாகக்கூட வாசித்தேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாணக் கூட்டம் உள்ளே வந்தது. வடசேரிச் சந்தையில் காய்கறி மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம், பதினைந்து பேர் இருக்கும். பெண்ணின் தாயார் நடுக்கூடத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு ரமணிக்குப் பக்கத்தில் சப்பணம் கட்டி உட்கார்ந்தார். அவர் உட்காரவும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். “ஏட்டி, நீ பைய தின்னு. வேற ஆளு யாராவது இங்கன கொண்டுவந்து சேலயக் காட்டட்டும், எங்களுக்கும் காலு வலிக்கு” என்றார். அடுத்துச் சாப்பிட வேண்டிய இரண்டாம் பந்திப் பெண்கள் மேலேயிருந்து பட்டுகளைச் சுமந்து வந்து தரையிலேயே விரித்தார்கள். மேனேஜர் குனிந்து, “அம்மா, நீங்க சேர்ல உட்காருங்க. இவங்க எழுந்து வேலைக்குப் போகணும்” என்றார். அந்த அம்மாள் சேலை முந்தியைத் தடவிப் பார்த்தபடியே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: “அவிய எழும்பினா நாங்களும் எழும்புவோம் தம்பி. நாங்க எழும்பினா நேரா எதுத்த கடைக்குத்தான், கேட்டியா?”

மோட்டாருக்கு வயர் இன்னும் வரவில்லை, அளவெடுக்க வருவதாகச் சொன்ன ரிசார்ட்காரர்களும் வரவில்லை, எழுந்திருக்கச் சொல்லவும் அதன்பிறகு ஒருவரும் வரவில்லை, நாங்கள் உட்கார்ந்துதான் இருக்கிறோம்.