வெயிலில் விரித்த குடைகள்

பெரிய கங்காணியாரே, நீங்கள் பொய் சொல்கிறீர்கள். போன வாரம் கண்டியில் மேடையேறி, ஹந்தானைத் தோட்டத்தில் வெள்ளைக்காரனை முதலில் எதிர்த்தது நான்தான் என்றீர்கள். மாலையும் வாங்கிக்கொண்டீர்கள். நானும் கூட்டத்தில் இருந்தேன். முதலில் எதிர்த்தது என் அக்கா.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் நாங்கள் குடையை மடக்கிக்கொண்டு, பாதையோரம் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். மழை கொட்டினாலும் அதுதான் சட்டம். கூலியைக் குறைத்தார்கள், பொறுத்தோம். அரிசியில் பாதி கல்லாக இருந்தது, பொறுக்கித் தின்றோம். குடை விஷயத்தில்தான் வயிறு எரிந்தது.

ஒருநாள் அடைமழையில், காய்ச்சல் கண்ட பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா, வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்குப் போனாள். துரை குதிரையில் வந்தார். அக்கா ஓரமாக நின்றாள், குடையை மடக்கவில்லை. பின்னால் வந்த நீங்கள் கத்தினீர்கள். அவள் சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

"தொரை நனைஞ்சா தொடச்சுவிட நாலு ஆளு இருக்குங்க. எம் புள்ளைக்கு இந்தக் குடை மட்டுந்தான்."

மறுநாள் வேலைப் பதிவில் நீங்கள் அவளுக்குப் பெயர் போடவில்லை. வேலை போயிற்று.

அதற்கடுத்த நாள் நல்ல வெயில். லயத்து வீடுகளில் இருந்த சனம் மொத்தமும் குடையை விரித்துக்கொண்டு மலையேறினோம். குடை இல்லாதவர்கள் வாழையிலை பிடித்தார்கள். ஒரு கிழவர் முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீங்கள் வளைவுக்கு முதுகு காட்டி, உங்கள் குடைக்குள் நின்றபடியே எங்களை மடக்கச் சொல்லி அதட்டினீர்கள். வளைவில் திரும்பிய குதிரை எங்களைப் பார்த்து மிரண்டது. துரையைத் தேயிலைக்குள் உதறிவிட்டு நம்மைத் தாண்டி ஓடியது. குளம்புச் சத்தம் கேட்டதும் நீங்கள் குடையை மடக்கி, கானுக்குள் குதித்து, குனிந்து சலாம் வைத்தீர்கள். குதிரை மேலே ஆள் இல்லை.

"கங்காணி ஐயா, தொரை அந்தச் செடிக்குள்ள கெடக்காரு. அவருக்கும் ஒண்ணு வச்சிருங்க" என்றாள் பக்கத்து லயத்துக்காரி.

மலையே சிரித்தது. துரையைப் பார்த்துச் சிரித்தவர்களுக்குப் பிறகு பயம் எங்கே வரும்? அந்த வாரமே தொழிற்சங்கத்தில் சேர்ந்தோம், வேலையை நிறுத்தினோம். துரை மாற்றலாகிப் போனார், குடைச் சட்டமும் போயிற்று. அக்காவை மட்டும் நீங்கள் திரும்ப எடுக்கவில்லை. அவள் இன்றும் டவுனில் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்க்கிறாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையும் பேசப் போகிறீர்களாம். ஆட்களுக்குப் பெயர் போடுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. என் அக்காவுக்கு எப்போது போடுவீர்கள்? அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி அந்த மேடையிலேயே சொல்லுங்கள்.