வரதன் போன அன்று கடலுக்குப் போனோம்

என் கணவரின் தம்பி இறந்த சேதியை ஒரு பகல் முழுக்க அவரிடம் மறைத்தேன். மறந்துபோகவில்லை... தெரிந்தே மறைத்தேன். எதற்காக என்கிறீர்களா? கடல் பார்க்கப் போகவேண்டும் என்பதற்காக!

தம்பி என்றால் சித்தப்பா பிள்ளை, வரதன். திருப்பதியில் ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

நாங்கள் அப்போது ஆஸ்திரேலியாவில் மகன் வீட்டில் இருந்தோம். மருமகளுக்குப் பிரசவம். பத்தியச் சமையல், குழந்தைக்கு எண்ணெய்க் குளியல் என்று மூன்று மாதம் என் இடுப்பு ஒடிந்தது. ஊர் திரும்பும் வாரத்தில் மகன், "அம்மா, நாளைக்கு நீயும் அப்பாவும் மட்டும் எங்கயாவது சுத்திட்டு வாங்கோ" என்று ரயில் டிக்கெட்டை நீட்டினான்.

நாங்கள் மட்டும்! அதன் அருமை உங்களுக்குத் தெரியாது. அவர் திருமலையில் மடப்பள்ளியில் தளிகை செய்தவர். பெருமாளுக்குப் பசிக்காத நாள் உண்டா? கல்யாணமான நாள் முதல் நாங்கள் இருவர் மட்டுமாக எந்த ஊருக்கும் போனதில்லை.

மறுநாள் காலை புளியோதரை கட்டி முடித்தபோது வரதனின் மகனிடமிருந்து என் போனுக்குச் சேதி வந்தது. 'அப்பா ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டார். பத்து மணிக்கு எடுக்கறோம். பெரியப்பாவை வீடியோவில் வரச்சொல்லுங்கோ.'

சொன்னால் என்ன ஆகும்? பங்காளித் தீட்டு. அவர் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பத்து நாள் மூலையில் உட்கார்ந்துவிடுவார். எனக்குத் துக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஏன் வரதா, ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? சீ... இப்படியும் ஒருத்தி நினைப்பாளா! நினைத்தேன். போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

அந்தக் கடலோர ஊரில் யாருக்கும் அவசரமில்லை. கடை கடையாக நுழைந்து, ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தோம். உருளைக்கிழங்கு வறுவலைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏண்டி, மீன் பொரிச்ச எண்ணெயா இருக்குமோ?" என்று நடுங்கினார். "இருக்கும். தூரப் போட்டுட்டு வாங்கோ" என்றேன்.

கடல் நீர் வந்து நிரம்பும்படி பாறையில் ஒரு குளம் கட்டியிருக்கிறார்கள். துக்கம் கேட்டவள் முழுக வேண்டுமல்லவா? புடவையோடு இறங்கித் தலை முழுகினேன். பயத்தில் முழுகினேன்! அவருக்கு என்ன தெரியும்? "அடி சக்கை! இந்த வயசுல உனக்கு ஆட்டத்தப் பாரு!" என்று கைதட்டிச் சிரித்தார். வேட்டியை மடித்துக் கட்டித் தானும் இறங்கினார். நாலு பேர் பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எங்களுக்குப் பிற்பகல், திருப்பதியில் காலை. அந்த நேரத்தில்தான் வரதனை எடுத்தார்கள். நான் சந்தோஷமாக இருந்தேனா? இருந்தேன்... அதை எப்படி இல்லையென்பேன்?

பொழுது சாய வீடு வந்ததும், "இப்பத்தான் பார்த்தேன்" என்று போனை நீட்டினேன். "மூஞ்சியக்கூடப் பாக்க முடியலையேடி..." என்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஊருக்கு வந்தபின் மனிதர் மாறித்தான் போனார். காரணமே இல்லாமல் சித்தூர் பஸ்ஸில் என்னை ஏற்றிக்கொண்டு போய் மாம்பழம் வாங்கித் தருகிறார். அடுத்த ஆண்டு இன்னொரு கடல் பார்க்கலாம் என்கிறார். அதற்குள் சொல்லிவிட வேண்டும். சொன்னாலும் இந்த மனிதர் என் கையை விடமாட்டார் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது.

ஆனால் நேற்று வரதனின் மகன் வந்திருந்தான். அவனிடம் இவர் உருகிப்போய்ச் சொன்னார்: "உன் சேதி எங்களுக்குச் சாயங்காலம்தான்டா கெடச்சுது. பெருமாளுக்கு எவ்ளோ க்ருபை பாரு! இத்தனை வருஷம் தளிகை பண்ணினதுக்கு, எனக்குன்னு ஒரே ஒரு நாள் ஒதுக்கிக் குடுத்தார்."

அவன் என்னைப் பார்த்தான். அனுப்பிய மறுநிமிடமே நான் படித்துவிட்டதை அவன் போன் அன்றைக்கே நீல டிக் போட்டுக் காட்டியிருக்குமே!

"ஆமாம் பெரியப்பா, சாயங்காலம்தான் போய்ச் சேர்ந்துது" என்றான்.

அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை எனக்காகப் பொய் சொல்கிறான்... இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன், நீங்களே சொல்லுங்கள்!