மூன்றாம் வகுப்பின் அரை அடி மண்

பள்ளித் தோட்டப் பொறுப்பு, ஆசிரியர் கூட்டத்துக்குக் கடைசியாக வந்து சேருகிறவர் தலையில்தான் விழும்; உங்களில் பலருக்கும் அப்படித்தான் விழுந்திருக்கும். காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓர் ஆரம்பப் பள்ளியில் எனக்கு விழுந்தது.

முதல் குழி

மண்ணின் அடுக்குகளைக் கண்ணால் காட்டலாம் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு சுற்றுச்சுவர் ஓரம் குழி தோண்டினோம். அரை அடிக்குக் கீழே கடப்பாரை இறங்கவில்லை. கழிப்பறை கட்டியபோது மிஞ்சிய இடிசலையெல்லாம் அங்கேதான் கொட்டியிருக்கிறார்கள். பார்த்ததை வரையச் சொன்னேன். தீபிகா முதலில் நோட்டை நீட்டினாள். "மேல மண்ணு, நடுவுல டைல்ஸு, அடியில ஷாம்பு பாக்கெட்டு. கரெக்டா டீச்சர்?"

ஐந்து விரல்

மறுவாரம் மண்ணைப் பிசைந்து உருட்டிப் பார்க்கச் சொன்னேன். அடுத்த நாள் காலை தீபிகாவின் அம்மா வந்தார். வீட்டில் தறி. மகள் கை கழுவாமல் போய், பாதி நெய்திருந்த சந்தன நிறப் பட்டுப் புடவையைத் தொட்டுவிட்டாளாம். ஐந்து விரலும் அப்படியே பதிந்துவிட்டதாம். மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"மண்ண நான் சொல்லிக் குடுத்துக்கிறேன் டீச்சர். நீங்க கணக்கு மட்டும் சொல்லிக் குடுங்க."

இரண்டு மூட்டை

எங்கள் இடிசலில் எதுவும் முளைக்கவில்லை. நிலைமையைக் கேள்விப்பட்டு, ஒரு மாணவனின் அப்பா தாமல் கிராமத்திலிருந்து இரண்டு மூட்டை மண் கொண்டுவந்து கொட்டினார். உள்ளே மண்புழுக்கள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். தீபிகா மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். கீரை விதைத்தோம், ஒரே வாரத்தில் முளைத்தது. தினமும் ஸ்கேல் வைத்து அளந்தார்கள். அந்தச் சில நாட்கள் நான் நேரத்தோடு பள்ளிக்குப் போனேன்.

நன்றி சொன்னபோது அந்த அப்பா தோட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க நிலத்த வித்து பிளாட்டு போட்டாச்சு டீச்சர். இங்கயாவது கொஞ்சம் இருக்கட்டும்னு எடுத்தாந்தேன்."

லீவு முடிந்து

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தால், சுவரிலிருந்து சுவர்வரை பேவர் பிளாக் கல். தலைமை ஆசிரியையைக் குறை சொல்ல முடியாது. போன மழையில் சேற்றில் வழுக்கி ஒரு குழந்தை கையை உடைத்துக்கொண்டது. அன்றிலிருந்து மனு போட்டு வாங்கியிருக்கிறார். எனக்கு ஆறு பூந்தொட்டி தருவதாகவும் சொன்னார்.

பிள்ளைகள் கீரை இருந்த இடத்தைத் தேடினார்கள். ஒரே மாதிரிக் கல். எனக்கே அடையாளம் தெரியவில்லை. தீபிகா உட்கார்ந்து, இரண்டு கல்லுக்கு நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். நுழையவில்லை.

"உள்ள இருக்கிற புழுவுக்கு நாம மூடிட்டது தெரியுமா டீச்சர்?"

ஆண்டுத் தேர்வில் மண்ணின் அடுக்குகளை எல்லாரும் சரியாக எழுதிவிட்டதால், நான் இந்தப் பாடத்தை நன்றாக நடத்தியதாகப் பதிவேட்டில் இருக்கிறது.